மீதி வேண்டாம்

ஜனவரி 4

என் அன்பு சிவப்பு மைக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் படம் வந்த அன்று உன் அம்மா குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். படத்தை வாங்கி ஒரே ஒரு பார்வைதான் பார்த்தேன். "தங்கச்சி, இவன்தான் நம்ம வீட்டு மாப்பிள்ளை. எழுதி வச்சுக்கோ" என்றேன். அவளைக் கேட்டால் நினைவில்லை என்பாள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் காது கேட்டிருக்காது. அதற்கு நான் என்ன செய்ய?

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானம் என்பது ஒன்றுமில்லை, கதவைச் சாத்திவிட்டு ஓட்டுகிற பஸ். விசிலை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தால் அரை மணி முன்னதாகவே கொண்டுவந்து சேர்த்திருப்பேன். பைலட் இறங்கும்போது எனக்குக் கை கொடுத்தார். எனக்கு மட்டும்தான்.

நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற ஏழு மணி நேரம் காத்துக் கிடந்தேன். அந்த ஊர்க் காசு தனி. ஒரு டீ இருநூறு! என் செருப்பைத் துடைத்துக் கொடுத்தவனுக்கு முந்நூறு! ராஜா மாதிரி எண்ணிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவ்வளவும் சேர்த்தால் நம் பஸ்ஸில் ஒரு ஸ்டேஜுக்குத்தான் காணும் என்று. அதில் கொஞ்சம் இன்னும் கையில் மிச்சம் இருக்கிறது. இந்த ஊர் நோட்டு வேறு. இங்கே ஐம்பது என்றால் ஐம்பதுதான், கனமான காசு. இரண்டு ஊர் ஐம்பதும் நீலம், இரண்டும் ஒரே அளவு. ஏமாந்துவிடுவேனோ என்று உன் அம்மா பயப்பட வேண்டாம். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். நிற்க இடமில்லாத பஸ்ஸில், விளக்கு எரியாத பஸ்ஸில், விரலால் தடவியே நோட்டைச் சொன்னவன். பார்த்துக் கொடுத்தால் அவன் பயணி. பார்க்காமல் கொடுத்தால்தான் கண்டக்டர்.

என் மூத்த மகன், பெரியவன், கிடங்கு வேலைக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறான். ஐந்தாவது மாடியில் நான் தனி ராஜாங்கம். மாப்பிள்ளை வேலை செய்கிற முடிதிருத்தும் கடை இங்கிருந்து மூன்று தெரு. எப்போது போக, என்ன கேட்க? எழுது.

உன் மாமா

-

ஜனவரி 13

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை முடிந்ததும் அதே சிவப்பு மையோடு உட்கார்ந்து படித்தேன். பைலட் கை கொடுத்ததை அடித்துவிட்டேன். குழாயடியை அடிக்கவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அம்மாவைக் கேட்டேன். "உன் மாமன் அன்னிக்குப் படத்தை வாங்கிப் பார்த்துட்டு உம்முன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டான்" என்கிறாள். உங்கள் இருவரில் யாருக்குக் காது கேட்கவில்லை என்று தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் யார் என்று அவரிடம் சொல்லாதீர்கள். பெண் வீட்டார் என்று சொல்லிக்கொண்டு போனால் எந்த மாப்பிள்ளையும் தங்கமாகத்தான் இருப்பார். சும்மா ஒரு வாடிக்கையாளராகப் போங்கள். முடி வெட்டிக்கொள்ளுங்கள், சவரம் செய்துகொள்ளுங்கள், கூலியைக் கொடுங்கள். காசு கை மாறுகிற அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பாருங்கள். கூலி வாங்கும்போது மனிதன் எப்படி இருக்கிறானோ, அப்படித்தான் வீட்டிலும் இருப்பான். இதை நான் எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில்தான் படித்தேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. மூன்று இடம் தட்டிப் போயிற்று. இதில் இரண்டை நானே தட்டிவிட்டேன். இந்த முறை தவறு செய்யக் கூடாது மாமா, சரி என்றாலும், வேண்டாம் என்றாலும். அவருடைய அக்கா பிப்ரவரி இருபதாம் தேதி பதில் கேட்டு வருகிறார். உங்களை நம்பித்தான் இருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

பி.கு.: அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள். காலர் நைந்திருந்ததால் பிரித்துத் திருப்பித் தைத்திருக்கிறேன். வெளியே தெரியாது.

-

ஜனவரி 22

என் அன்பு சிவப்பு மைக்கு,

பேனாவை மூடி வைத்துவிட்டுப் படி. இதில் அடிக்க ஒன்றும் கிடையாது.

போனேன். பார்த்தேன். வென்றேன்.

கடை சின்னதுதான், ஆனால் பளிங்கு மாதிரி சுத்தம். மூன்று நாற்காலி. சுவரில் விலைப் பலகை. வாசலுக்கு அருகே கல்லாவில் முதலாளி பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். காத்திருந்தவர்கள் நான்கு பேர், எல்லோரும் நம் பாஷைக்காரர்கள். நம்ம ஆள் கடைசி நாற்காலி. படத்தில் இருப்பதைவிட ஒரு விரற்கடை உயரம். யார் எவர் என்று கேட்டான். தேயிலைத் தோட்ட முதலாளி என்றேன். எத்தனை ஏக்கர் என்றான். "எண்ணி முடிக்கலப்பா" என்றேன். கண்ணாடியில் சிரித்தான்.

கை என்றால் அது கை! கத்திரி காதருகே வந்தால் குருவி பேசுகிற மாதிரி இருக்கிறது. முடி வெட்டப் பதினைந்து, சவரம் எட்டு, தலையைப் பிடித்துவிட ஏழு. ஆக முப்பது. இந்த ஊர்க் காசில்.

இப்போது நீ கேட்ட அந்த நிமிஷத்துக்கு வருகிறேன். அவனைச் சோதிக்க வேண்டும் என்று வீட்டிலேயே திட்டம் போட்டுவிட்டேன். கண்டக்டர் பழக்கத்தில் நோட்டுகளை மடித்துச் செருகியிருந்த விரலிடுக்கிலிருந்து ஐம்பதை உருவினேன். பார்க்கக்கூட இல்லை. இரண்டு விரலால் நீட்டி, கடையே கேட்கிற மாதிரி, "மீதி வேண்டாம், வச்சுக்க" என்றேன். நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. படியிறங்கி நடந்துவிட்டேன்.

முதல் தெரு தாண்டினேன். இரண்டாம் தெரு தாண்டினேன். மழை பிடித்துக்கொண்டது. "ஐயா! ஐயா!" என்று பின்னால் ஒரு குரல். பார்த்தால் அவன்தான்! தோளில் துண்டு, கையில் சீப்பு, தலை சொட்டச் சொட்ட ஓடி வருகிறான். மூச்சு வாங்க என் கையைப் பிடித்து இருபதை வைத்தான். "கணக்குன்னா கணக்குதாங்க. அடுத்தவங்க காசு ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்" என்றான். மூன்று தெரு, மருமகளே! இருபதுக்காக மூன்று தெரு! இப்படி ஒரு யோக்கியனை எங்கே தேடுவாய்? கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லு.

உன் மாமா

-

ஜனவரி 31

மாமாவுக்கு,

சிரமம் பார்க்காமல் போய் வந்ததற்கு நன்றி. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மழையை அடிக்கலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான்.

வேண்டாம் மாமா.

நீங்கள் கோபப்படுவீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவை ஊரே யோக்கியர் என்று சொன்னது. உண்மை. அடுத்தவர் காசு ஒன்று அவர் கையில் தங்கியதில்லை. தீப்பெட்டி வாங்கி வந்தால் குச்சிகளை எண்ணி, பெட்டியின் மேல் எண்ணிக்கையை எழுதி வைப்பார். அம்மா கடைக்குப் போய் வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளங்கையை விரித்து மீதியைக் காட்ட வேண்டும். அவர் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றலாம். அடித்ததில்லை, திட்டியதில்லை. "கணக்குன்னா கணக்கு" என்பார், அவ்வளவுதான். அதே வார்த்தை, மாமா. உங்கள் கடிதத்தில் அதைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. நேற்று அம்மா உப்பு வாங்கப் போனாள். நான்தான் கதவைத் திறந்தேன். வாசலில் நின்று என்னிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். "உள்ள வாம்மா" என்றேன். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அது சிரிப்பில்லை.

கிடைத்த மீதியை வேண்டாம் என்று மூன்று தெரு ஓடி வருகிறவர், கொடுத்த காசுக்கு மீதியைக் கேட்டு முப்பது வருஷம் வாசலில் நிற்பார். நான் உள்ளங்கையை விரிக்க மாட்டேன். இருபதாம் தேதி அவர் அக்காவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மருமகள்

-

பிப்ரவரி 8, அவசரத் தபால்

சிவப்பு மைக்கு,

இது இருபதுக்குள் உன் கையில் கிடைத்தே ஆக வேண்டும். தபால் நிலையத்தில் இரண்டு மடங்கு காசு கட்டியிருக்கிறேன். இந்த ஊர் நோட்டுதானா என்று பார்த்துத்தான் கட்டினேன். ஏன் இதைச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவன் "ஜுரமாப்பா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஜுரம் இல்லை. உண்மை பேச வேண்டியிருந்தது, பழக்கமில்லாத வேலை.

அவன் ஓடி வரவில்லை.

மழை பெய்யவில்லை. "கணக்குன்னா கணக்கு" என்று அவன் சொல்லவே இல்லை. உங்கப்பா வாயிலிருந்து கேட்டுக் கேட்டு என் காதில் ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்து அந்தப் பிள்ளையின் வாயில் வைத்துவிட்டேன். யோக்கியன் பேசினால் அப்படித்தான் பேசுவான் என்று நினைத்தேன்.

நடந்தது இது. மீதி வேண்டாம் என்று ஐம்பதை நீட்டினேன் அல்லவா? அது வரை நிஜம். அவன் நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். "ரொம்ப சந்தோஷங்க ஐயா" என்று வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டான். நான் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினேன். நாலடி வைத்ததும், என் வெட்டு எப்படி இருக்கிறது என்று கடைக் கண்ணாடியில் பார்க்கத் திரும்பினேன். உள்ளே அவன் கல்லாப்பெட்டியில் கை வைத்துக்கொண்டிருந்தான். முதலாளி பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். மாட்டினான், திருட்டுப்பயல் என்று எனக்குப் பட்டது. நன்றாக உற்றுப் பார்த்தேன். எடுக்கவில்லை, போட்டுக்கொண்டிருந்தான். தன் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து, மூன்று பத்தை எண்ணிப் பெட்டியில் போட்டான். நான் கொடுத்த ஐம்பதை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது விரலிடுக்கில் மிஞ்சிய நோட்டுகளைப் பார்த்தேன். இந்த ஊர் ஐம்பது அப்படியே இருக்கிறது. நடு ஊர் ஐம்பதைக் காணோம். கால் டீக்குத்தான் தேறுகிற நோட்டைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு செல்லாத நோட்டு என் பைக்குள் நுழைந்ததில்லை. இதை எப்படி உனக்கு எழுதுவது? டிப்போவில் தெரிந்தால் என்ன ஆகும்? அவனுக்கு நல்ல பெயர் வர வேண்டும், எனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. அதற்குத்தான் ஒரு மழையைப் பெய்ய வைத்து அவனை ஓட விட்டேன். அது உன் வாசலில் போய் இப்படி விடியும் என்று நினைக்கவில்லை.

நேற்று மறுபடியும் போனேன். மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளியும் சாப்பிடப் போயிருந்தார். இந்த ஊர் ஐம்பதை மூன்று தடவை பார்த்து வைத்துக்கொண்டேன்.

"தம்பி, அன்னிக்கு நான் குடுத்த நோட்டு..."

"நல்ல நோட்டுதானுங்களே ஐயா."

"எங்கப்பா நல்ல நோட்டு? அது இந்த ஊர் நோட்டே இல்ல."

"உலகத்துல எங்கயோ ஒரு ஊர்ல அது நல்ல நோட்டுதானுங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு பேர் உக்காந்திருந்தாங்க ஐயா. நீங்க மீதி வேண்டாம்னதும் கடையே திரும்பிப் பாத்துச்சு. அந்த நேரத்துல எப்படிங்க சொல்றது?"

ஐம்பதை நீட்டினேன். வேண்டாம் என்று பிகு பண்ணவில்லை, வாங்கிக்கொண்டான். வாங்காமல் விட்டிருந்தால் நான் கடன்காரனாகத் திரும்பியிருப்பேன், அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பதை எடுத்துக்கொண்டு இருபதை என் பக்கம் நகர்த்தினான். பழக்க தோஷம், "மீதி வேண்டாம்ப்பா" என்று ஆரம்பித்துவிட்டேன். வாசலைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்:

"இப்ப யாரும் பாக்கலைங்க ஐயா. மீதிய வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையில் போட்டேன். கண்ணில் ஏதோ முடி விழுந்துவிட்டது, முடிவெட்டுகிற கடை அல்லவா.

இன்னொன்று. முதல் நாள் கழுத்தில் துணி போர்த்தும்போது, நீ திருப்பித் தைத்த காலரை அவன் விரல் தொட்டது. அங்கேயே கொஞ்சம் நின்றது. தேயிலைத் தோட்ட முதலாளிக்குத் திருப்பித் தைத்த காலர் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மடிப்பை நீவி ஒழுங்காக வைத்துவிட்டு, "எத்தனை ஏக்கர்ங்க?" என்றுதான் கேட்டான்.

நான் யார் என்று இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. அதனால் அவன் செய்தது உனக்காகச் செய்ததல்ல. யாரோ ஒரு கிழவனுக்காகச் செய்தது.

இதற்கு மேல் உன் இஷ்டம்.

உன் மாமா

-

பிப்ரவரி 21

மாமாவுக்கு,

கடிதம் பதிமூன்றாம் தேதியே வந்துவிட்டது. சிவப்பு மையை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மூடியைத் திறக்கவே இல்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களைப் பற்றிய இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரைப் பற்றிய இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியவள், வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து காசைத் தகரப்பெட்டியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி பாக்குற? இப்ப யாரும் பாக்கலைன்னு நெனச்சுக்கோ" என்றாள்.

நேற்று அவருடைய அக்கா வந்தார். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் தம்பி எனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். நீங்கள் யார் என்பதை இனி அவரிடம் சொல்லிவிடலாம். அடுத்து ஏக்கர் கணக்கு வேறு கேட்கப் போகிறார்.

அந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தோற்றதை எழுதிய மாமாவைப் பற்றி அச்சகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். கவலைப்படாதீர்கள், டிப்போவில் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். அடிக்கவில்லை, கோடு மட்டும் போட்டிருக்கிறேன். அவர் கல்லாவில் கை வைத்ததைப் பார்த்ததும் "மாட்டினான்" என்று உங்களுக்குப் பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்த அன்றே இவன்தான் மாப்பிள்ளை என்று சொன்னவருக்கு அங்கே ஐயோ என்றல்லவா பட்டிருக்க வேண்டும்?

உங்கள் மருமகள்

-

மார்ச் 1

என் அன்பு சிவப்பு மைக்கு,

ஆயிரம் பிரதி அச்சடிக்கிற இடத்தில் உட்கார்ந்து ஒற்றை எழுத்தைப் பிடிக்கிறவள் நீ. உன்னிடம் போய் நான் வாயைக் கொடுத்தேனே!

முதலில் நல்ல செய்தி. சொல்லிவிட்டேன். கடை நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். "தம்பி, நான் தேயிலைத் தோட்ட முதலாளி இல்ல. பெண்ணுக்குத் தாய்மாமன். முப்பத்திரண்டு வருஷ கண்டக்டர்" என்றேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் அவனே உட்கார்ந்துவிட்டான்! காது நுனி வரை சிவந்துவிட்டது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து அந்த நடு ஊர் ஐம்பதை எடுத்தான். இன்னும் வைத்திருக்கிறான். "இத என்னங்க செய்ய?" என்றான். "அவளுக்கு எழுதுற மொத கடிதத்துல வச்சு அனுப்பு. மாமன் குடுத்த சீர்னு சொல்லு" என்றேன். கடையே சிரித்தது. முதலாளி அன்று சவரத்துக்குக் காசு வாங்கவில்லை. இது நிஜம், வேண்டுமானால் அவனையே கேட்டுக்கொள்.

இந்த ஐந்தாம் மாடியில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். பாஷை தெரியாதவர்களுக்கும் சொன்னேன். எங்கள் மாப்பிள்ளை என்று சொல்லும்போது பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு விசில் ஊதுகிற சுகம்.

இப்போது உன் கோட்டுக்கு வருகிறேன்.

நடு ஊரில் அந்த இருநூறு டீயைக் குடித்துக்கொண்டே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டே வரி. "பையனைப் பார்த்தேன். சரிப்படாது, விட்டுவிடு." அவனைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, உறையில் போட்டு, விலாசமும் எழுதி வைத்துவிட்டேன். வந்து இறங்கி ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டியது, தபால்தலை ஒட்ட வேண்டியது. அதுதான் திட்டம். அவன் கல்லாவில் கை வைத்ததும் குற்றம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ இவ்வளவு தூரம் வந்துவிட்டால், நான் ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்குப் போவேன்? என் கதையில் மழையை யார் அடிப்பார்கள்?

அந்தக் கடிதத்தை, மீதியை வாங்கிக்கொண்ட அன்று, அவன் கடைக் குப்பைக்கூடையில்தான் கிழித்துப் போட்டேன், வெட்டி விழுந்த முடியோடு.

உன் அம்மாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. குழாயடியில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் மாமா